கிடேரியை மலடு என்று விற்கும் முன்

சென்னைக்கு மேற்கே ஆவடியை ஒட்டியுள்ள கோவில்பதாகை போன்ற ஊர்களில் மாடு வளர்ப்பு இன்னும் மறைந்துவிடவில்லை. ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த நிலங்கள் வீட்டு மனைகளாகிவிட்டன. 2019-ஆம் ஆண்டில் ஆவடி மாநகராட்சியாக உயர்ந்தது. ஆயினும் வீட்டின் பின்புறம் ஓலைக் கொட்டகையிலோ தகரக் கொட்டகையிலோ ஒரு கறவைப் பசுவும் ஒரு கிடேரியும் கட்டி வளர்க்கும் குடும்பங்கள் இருக்கவே செய்கின்றன. பசு இன்றைய வருமானம். கிடேரி நாளைய வருமானம். அந்த நாளைய வருமானம் வந்து சேராமல் போவதுதான் இக்குடும்பங்களின் பெரிய கவலை.

கிடேரிக்கு இரண்டரை வயதாகிறது, மூன்று வயதும் ஆகிறது. பருவத்துக்கு வந்த அடையாளம் யார் கண்ணிலும் படவில்லை. அல்லது இரண்டு மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. இந்த நேரம் பார்த்துத் தரகர் வருகிறார். "இது மலடுங்க, வெச்சிருந்தா தீனிதான் நஷ்டம்" என்கிறார். இரண்டு மூன்று ஆண்டுகள் வளர்த்த கிடேரி அடிமாட்டு விலைக்குப் போகிறது. அப்படிப் போகும் கிடேரிகளுள் எல்லாம் மலடு அல்ல. பருவம் வந்தும் கவனிக்கப்படாதவை சில. தீனி போதாமல் பருவமே தொடங்காதவை சில. உண்மையான மலடு சிலவே.

இந்த நிலையில் "பருவ ஊசி" என்ற ஹார்மோன் சிகிச்சை பற்றிய பேச்சு ஊருக்கு ஊர் பரவியுள்ளது. ஊசி போட்டால் குறித்த நாளில் கிடேரி பருவத்துக்கு வரும் என்பது உண்மை. ஆனால் எந்தக் கிடேரிக்கு, எப்போது, எந்த ஏற்பாட்டோடு என்பதைப் பார்க்காமல் போட்டால் அது வீண் செலவு. சில சமயம் கேடும் கூட. ஒரு கிடேரி வைத்திருக்கும் சிறு உழவர் தனித்தனியாக இதைச் செய்துகொள்வதைவிட, அக்கம்பக்கத்துப் பத்து வீட்டார் சேர்ந்து செய்துகொள்வதே பலன் தரும்.

பருவம் ஏன் கண்ணில் படுவதில்லை?

கிடேரியின் பருவச் சுற்று சுமார் 21 நாட்கள். 18 முதல் 24 நாட்கள் வரை முன்பின் இருக்கலாம். இந்த 21 நாட்களில் பருவ வேட்கை நிலைப்பது 12 முதல் 18 மணி நேரம் மட்டுமே. கிடேரி கத்தும், அடிக்கடி சிறிது சிறிதாகச் சிறுநீர் கழிக்கும், பிறப்புறுப்பு சற்றுத் தடித்துச் சிவந்திருக்கும், கண்ணாடி போன்ற வழும்பு தொங்கும், மற்ற மாட்டின் மீது தாவும், மற்ற மாடு தன் மீது தாவும்போது விலகாமல் நிற்கும். கடைசியாகச் சொன்ன அடையாளமே உறுதியானது.

தனியே கட்டிக் கிடக்கும் கிடேரிக்குத் தாவுவதற்குத் துணை ஏது? உறுதியான அடையாளம் வெளிப்பட வழியே இல்லை. மேலும் பருவ வேட்கை பெரும்பாலும் மாலைக்கும் விடியற்காலைக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் வலுவாகத் தெரியும். அந்த நேரத்தில் வீட்டார் உறங்குகிறார்கள். பகலில் ஆண்கள் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கோ வேறு வேலைக்கோ போய்விடுகிறார்கள். வீட்டில் இருக்கும் பெண்களுக்குச் சமையலும் பிள்ளைகளும் பால் விநியோகமும் இருக்கின்றன. சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கொட்டகையில் நிற்கும் கலப்பினக் கிடேரி, பருவத்துக்கு வந்தாலும் சத்தமே காட்டாது. இதை "ஊமைப் பருவம்" என்பார்கள்.

வழும்போடு சிறிது இரத்தக் கசிவு தெரிந்தால், இனிமேல்தான் பருவம் வரும் என்று சிலர் எண்ணுகிறார்கள். இது தவறு. அக்கசிவு பருவம் முடிந்து ஓரிரு நாட்கள் ஆகிவிட்டதைக் காட்டுகிறது. அன்று சினை ஊசி போடுவதில் பயனில்லை. தேதியைச் சுவரில் குறித்துக்கொண்டு, அடுத்த 17 நாட்கள் கழித்து நாள்தோறும் காலை, மாலை, படுக்கப் போகும் முன் என மூன்று வேளை கால் மணி நேரம் கவனிக்க வேண்டும். ஒரு காசு செலவில்லாத இந்தக் கவனிப்பு பல கிடேரிகளைச் சினையாக்கியிருக்கிறது. ஊசியைப் பற்றிப் பேசும்முன் இதைச் செய்து பார்த்தாக வேண்டும்.

பருவ ஊசி செய்யும் வேலை

பருவம் முடிந்து கருமுட்டை வெளியேறிய இடத்தில், சினைப்பையின் மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு திரட்சி உண்டாகிறது. இது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது சுரக்கும் வரை அடுத்த பருவம் வராது. கிடேரி சினைப்படவில்லை என்றால், சுமார் 17-ஆம் நாளில் கருப்பையிலிருந்து புராஸ்டகிளாண்டின் என்ற பொருள் சுரந்து அத்திரட்சியைக் கரைக்கிறது. தடை நீங்கியதும் அடுத்த பருவம் வருகிறது.

பருவ ஊசிகள் இந்த இயற்கை ஏற்பாட்டையே கையாளுகின்றன. புரோஜெஸ்டிரோன் கொடுத்துக்கொண்டிருந்தால் பருவத்தை நிறுத்தி வைக்கலாம், நிறுத்தியதும் பருவம் வரும் என்பதை 1948-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க விஞ்ஞானிகள் கிறிஸ்டியனும் கசீடாவும் எடுத்துக் காட்டினர். 1970-களின் தொடக்கத்தில் புராஸ்டகிளாண்டின் ஊசியால் மஞ்சள் திரட்சியைக் கரைக்கலாம் என்பது தெளிவாயிற்று. பின்னர், பிறப்புறுப்பினுள் வைத்துவிட்டால் புரோஜெஸ்டிரோனைச் சிறிது சிறிதாக வெளிவிடும் சாதனம் நியூசிலாந்தில் உருவாக்கப்பட்டது. இப்போது அத்தகைய சாதனங்கள் நம் நாட்டிலும் கால்நடை மருத்துவர்களின் கையில் உள்ளன.

ஆக, முறைகள் முக்கியமாக இரண்டு. முதலாவது, புராஸ்டகிளாண்டின் ஊசி. மஞ்சள் திரட்சி முதிர்ந்திருந்தால், அதாவது பருவச் சுற்றின் 6-ஆம் நாளிலிருந்து 17-ஆம் நாள் வரை, இந்த ஊசி வேலை செய்யும். போட்ட 2 முதல் 5 நாட்களில் கிடேரி பருவத்துக்கு வரும். முதல் ஐந்து நாட்களில் போட்டால் பலிக்காது. கிடேரி சுற்றின் எந்த நாளில் இருக்கிறது என்று தெரியாதபோது, 11 நாள் இடைவெளியில் இரண்டு ஊசி போடுகிறார்கள். முதல் ஊசிக்கு அகப்படாத கிடேரி இரண்டாவது ஊசி போடும் நாளில் சரியான கட்டத்தில் இருக்கும். இரண்டாவது, புரோஜெஸ்டிரோன் சாதனம். அதை 5 முதல் 7 நாட்கள் வரை உள்ளே வைத்திருந்து, எடுக்கும் வேளையை ஒட்டிப் புராஸ்டகிளாண்டின் ஊசியும் போட்டால் இரண்டு மூன்று நாட்களில் பருவம் கூடிவரும். உடல் எடை கூடிப் பருவத்தின் வாயிலில் நிற்கும் கிடேரியைத் தொடங்கி வைக்க இந்த இரண்டாம் முறை உதவும்.

முதல் முறையில் ஒன்றை மறக்கக் கூடாது. இதுவரை பருவச் சுற்றே தொடங்காத கிடேரியின் சினைப்பையில் மஞ்சள் திரட்சி இராது. கரைக்க ஒன்றும் இல்லாதபோது ஊசி எதைக் கரைக்கும்? "இரண்டு ஊசி போட்டும் பருவத்துக்கே வரலை" என்று சிலர் குறைப்படுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பசுவுக்கு ஏற்ற முறை கிடேரிக்கு ஏற்காது

பருவத்தைக் கவனிக்கவே தேவையில்லாமல், குறித்த நாளில் குறித்த மணியில் சினை ஊசி போடும் முறை ஒன்று 1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. ஓவ்சின்க் என்பது அதன் பெயர். ஜி.என்.ஆர்.எச். ஊசி ஒன்று, 7 நாள் கழித்துப் புராஸ்டகிளாண்டின், அதன் பின் 2 நாள் கழித்து மீண்டும் ஜி.என்.ஆர்.எச்., மறுநாள் சினை ஊசி. நூற்றுக்கணக்கில் கறவைப் பசுக்கள் உள்ள பெரிய பண்ணைகளுக்கு இது வரப்பிரசாதமாயிற்று.

ஆனால் கிடேரிகளில் கதை வேறு. அம்முறையை உருவாக்கிய குழுவினரே 1997-இல் வெளியிட்ட முடிவு இது: கறவைப் பசுக்களில், புராஸ்டகிளாண்டின் போட்டுப் பருவம் பார்த்துச் சினை ஊசி போட்டவற்றுக்கும் ஓவ்சின்க் முறையில் போட்டவற்றுக்கும் பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. கிடேரிகளிலோ, பருவம் பார்த்துப் போட்டவற்றில் 100-க்கு 74 சினையாயின. ஓவ்சின்க் முறையில் 100-க்கு 35 மட்டுமே சினையாயின. கிடேரியின் சினைப்பையில் முட்டைக் கொப்புளங்கள் தோன்றி மறையும் வேகம் வேறு. முதல் ஊசிக்கு அவற்றுள் பல கட்டுப்படுவதில்லை. அதனால் கிடேரி, குறித்த நாளுக்கு முன்னரே பருவத்துக்கு வந்து போய்விடுகிறது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று. கறவைப் பசுவுக்குப் பலித்த முறையை அப்படியே கிடேரிக்குக் கேட்டு வாங்கக் கூடாது. அடுத்த வீட்டுப் பசுவுக்குப் போட்ட ஊசியைத் தம் கிடேரிக்கும் போடுமாறு மருத்துவரை வற்புறுத்துவதும் வேண்டாம். கிடேரிக்குப் புராஸ்டகிளாண்டின் போட்டுக் கண்ணால் பருவம் பார்த்துச் சினை ஊசி போடுவதும், தேவைப்பட்டால் புரோஜெஸ்டிரோன் சாதனம் வைப்பதும் பொருத்தமானவை. எது வேண்டும் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

முதலில் தீனி, பிறகுதான் ஊசி

கிடேரி பருவமடைவதை வயது மட்டும் தீர்மானிப்பதில்லை, எடையும் தீர்மானிக்கிறது. முழு வளர்ச்சி பெற்ற பசுவின் எடையில் 100-க்கு 60 பங்கு வந்த பிறகே கிடேரியைச் சினைக்கு விட வேண்டும். ஜெர்சி கலப்பினக் கிடேரி சுமார் 220 கிலோவும், பிரீசியன் கலப்பினக் கிடேரி சுமார் 250 கிலோவும் இருப்பது நல்லது. நன்றாக வளர்த்தால் 15 முதல் 18 மாதத்துக்குள் இந்த எடை வந்துவிடும்.

எடை பார்க்கத் தராசு வேண்டியதில்லை. தையற்காரரின் நாடா போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி அங்குலத்தில் அளக்க வேண்டும். பிறகு தோள் எலும்பின் முன் முனையிலிருந்து பிட்ட எலும்பின் பின் முனை வரை நீளத்தை அளக்க வேண்டும். மார்புச் சுற்றளவை அதே அளவால் பெருக்கி, வருவதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 58 அங்குலம், நீளம் 46 அங்குலம் என்றால் எடை சுமார் 234 கிலோ. ஜெர்சி கலப்பினமாக இருந்தால் இது சினைக்குத் தயார். சுற்றளவு 50, நீளம் 42 என்றால் எடை 159 கிலோதான். இந்தக் கிடேரிக்கு வேண்டியது தீனி, ஊசி அல்ல.

நகரை ஒட்டிய ஊர்களில் கிடேரிகள் பெரும்பாலும் வெறும் வைக்கோலையும் வீட்டில் கழித்த சாதத்தையும் தின்று வளர்கின்றன. தவிடும் புண்ணாக்கும் கறவைப் பசுவுக்குப் போய்விடுகின்றன. பால் தராத கிடேரிக்கு எதற்கு என்ற எண்ணம்! நெல் வைக்கோலில் புரதம் மிகக் குறைவு, பாஸ்பரஸும் குறைவு, அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தையும் உடலில் சேரவிடாது. வைக்கோலை மட்டும் தின்னும் கிடேரிக்கு எலும்பும் தோலும் வளரும், சினைப்பை வளராது. சிலர் கிடேரியைப் பகலில் தெருவில் விட்டுவிடுகிறார்கள். அது குப்பை மேட்டில் பிளாஸ்டிக் பைகளைத் தின்றுவிட்டு வயிறு நிறைந்ததாக வந்து படுக்கிறது. வயிறு நிறைந்தும் பட்டினி என்பது இதுதான்.

ஊசிக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே கிடேரியைத் தயார் செய்ய வேண்டும். குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும். உண்ணிகளை ஒழிக்க வேண்டும். நாள்தோறும் அடர்தீவனம் ஒன்றரை முதல் இரண்டு கிலோ, தாது உப்புக் கலவை 25 முதல் 30 கிராம், பசுந்தீவனம் கிடைக்கும் அளவு கொடுக்க வேண்டும். நிலம் உள்ளவர்கள் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும் வேலிமசாலும் போடலாம். நிலம் இல்லாதவர்கள் வேலியில் அகத்தியும் தொட்டியில் அசோலாவும் வளர்க்கலாம். இரண்டு மாதத் தீனியிலேயே சில கிடேரிகள் தாமாகப் பருவத்துக்கு வந்துவிடும். அவற்றுக்குப் பருவ ஊசியே தேவைப்படாது. மிச்சமானது இலாபம்.

பரிசோதனை இல்லாமல் ஊசி கூடாது

புராஸ்டகிளாண்டின் ஊசி, சினையாக உள்ள கிடேரிக்குப் போட்டால் கருவைக் கலைத்துவிடும். முதல் ஐந்து மாதச் சினையில் இந்த ஆபத்து மிகுதி. "எங்க கிடேரிக்குக் காளையே சேரலை" என்று உறுதியாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் தெருவில் அவிழ்த்து விட்ட கிடேரியின் மீது எந்த நாளில் எந்தக் காளை தாவியது என்பதை யார் அறிவார்? மலடு என்று ஊசிக்குக் கொண்டுவரும் கிடேரி சினையாக இருப்பதும் உண்டு. ஆகவே மருத்துவர் கையிட்டுப் பரிசோதித்துச் சினை இல்லை என்று உறுதி செய்த பிறகே ஊசி போட வேண்டும். பரிசோதிக்காமலே ஊசி போட முன்வருபவர் யாராக இருப்பினும் அவரிடம் கிடேரியைப் பிடித்துக் கொடுக்கக் கூடாது.

பரிசோதனையால் இன்னொரு நன்மையும் உண்டு. மஞ்சள் திரட்சி இருந்தால், கிடேரிக்குப் பருவம் வந்துகொண்டுதான் இருக்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை என்று பொருள். சினைப்பை சிறுத்து மழமழவென்று இருந்தால், தீனி போதவில்லை அல்லது வயது போதவில்லை என்று பொருள். கருப்பையில் சீழ் இருந்தால் அதற்குத் தனிச் சிகிச்சை வேண்டும். காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரியா என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்படிப் பிறந்த கிடேரிகளில் 100-க்கு 90-க்கு மேல் பிறவி மலடு. எந்த ஹார்மோனும் அதை மாற்றாது. அதற்குச் செலவு செய்யாமல் இருப்பதே நல்லது.

மருந்தைக் கையாளுவோருக்கும் எச்சரிக்கை தேவை. கர்ப்பிணிகளும், ஆஸ்துமா உள்ளவர்களும் புராஸ்டகிளாண்டின் மருந்தைத் தொடவே கூடாது. இம்மருந்து தோலின் வழியாகவும் உடலில் சேரும். கையில் சிந்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மருந்துக் குப்பியை வாங்கி வீட்டில் வைத்துத் தாமே போட்டுக்கொள்ளும் வழக்கம் எந்தக் காரணத்தாலும் கூடாது.

பத்து வீடு, ஒரே கொட்டில்

பெரிய பண்ணையில் கிடேரிகளை ஒரே நேரத்தில் பருவத்துக்குக் கொண்டுவருவதன் நோக்கம் வெளிப்படை. நூறு கிடேரிக்கும் இரண்டு மூன்று நாளில் சினை ஊசி போட்டு முடிக்கலாம். கன்றுகளும் ஒரே காலத்தில் பிறக்கும். ஒரு கிடேரி வைத்திருப்பவர் அதை எதனோடு ஒன்றுசேர்ப்பது? கருவூட்டல் பணியாளரின் நேரத்தோடும், அவர் கையிலுள்ள உறைவிந்துக் குச்சியோடும், வீட்டார் வேலைக்குப் போகாமல் இருக்கக்கூடிய நாளோடும் ஒன்றுசேர்க்க வேண்டும். சிறு உழவருக்குப் பருவ ஊசியின் உண்மையான பயன் இதில்தான் இருக்கிறது.

ஒரு வீட்டுக் கிடேரிக்காகக் குறித்த மணியில் பணியாளர் வந்து சேர்வது எளிதல்ல. அவருக்கும் பல ஊர்கள். அவர் வராத நாளில் பருவம் வந்து போனால் ஊசிக்குச் செய்த செலவு முழுவதும் வீண். அக்கம்பக்கத்துப் பத்து வீட்டார் சேர்ந்து, பத்துக் கிடேரிகளையும் ஒரு கொட்டில் மாடுகளாகக் கருதி நாள் குறித்தால் நிலைமை மாறும். பத்துக் கிடேரிக்காக மருத்துவர் ஒரு முறை பரிசோதிக்க வரலாம். பணியாளர் குறித்த இரண்டு மூன்று நாட்கள் ஊரிலேயே இருக்கலாம். பத்து உறைவிந்துக் குச்சிகளை முன்கூட்டியே எடுத்து வைக்கலாம்.

நாள் குறிப்பதிலும் கருத்து வேண்டும். முதல் புராஸ்டகிளாண்டின் ஊசியை ஒரு வெள்ளிக்கிழமை போட்டால், 11 நாள் கழித்து வரும் செவ்வாய்க்கிழமை இரண்டாவது ஊசி. அதன் பின் பெரும்பாலான கிடேரிகள் வியாழன், வெள்ளி, சனிக்கிழமைகளில் பருவத்துக்கு வரும். முதல் ஊசியைத் திங்கட்கிழமை போட்டால் இரண்டாவது வெள்ளிக்கிழமை விழும். பருவம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கிவிடும். விடுமுறை நாளில் ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும். காலண்டரைப் பார்த்துத் தொடங்குவது நலம்.

முதல் ஊசிக்குப் பிறகு சில கிடேரிகள் பருவத்துக்கு வரும். அப்போது பணியாளர் கிடைத்தால் சினை ஊசி போட்டுவிடலாம். இரண்டாவது ஊசிச் செலவு மிச்சம். கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம். தம் கிடேரி பருவத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வீட்டார் கண்ணால் கண்டு பழகிக்கொள்ள அது ஒரு வாய்ப்பு. இரண்டாவது ஊசிக்குப் பிறகு மூன்று நாட்களும் காலை, மாலை, இரவு தவறாமல் பார்க்க வேண்டும். காலையில் பருவம் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போட வேண்டும். அடையாளமே காட்டாத கிடேரிக்குக் குறித்த மணியில் ஊசி போடலாமா என்பதை மருத்துவர் சொல்வார்.

சினை ஊசி போட்டதோடு வேலை முடிந்துவிடாது. 18-ஆம் நாள் முதல் 24-ஆம் நாள் வரை மீண்டும் பருவம் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். பத்துக் கிடேரியும் ஒரே காலத்தில் ஊசி பெற்றிருப்பதால், நிற்காத கிடேரிகள் மறுபடி பருவத்துக்கு வருவதும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் நிகழும். பணியாளருக்கு அந்த வாரத்தையும் முன்னரே சொல்லி வைக்கலாம். மீண்டும் பருவம் வராவிட்டாலும் சினை என்று முடிவு கட்டிவிடாமல், இரண்டு மூன்று மாதத்தில் சினைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

காலமும் பார்க்க வேண்டும். கோடை வெப்பத்தில் சினை பிடிப்பது குறையும். சித்திரை, வைகாசியைத் தவிர்ப்பது நல்லது. தை மாதத்தில் சினையானால் சுமார் 280 நாளில், ஐப்பசி மழையில் கன்று பிறக்கும். ஏரியோரத்துத் தாழ்வான கொட்டகையில் தண்ணீர் தேங்குமானால், தரையை முன்கூட்டியே மேடாக்கிக்கொள்ள வேண்டும்.

அச்சமும் பேராசையும்

ஹார்மோன் என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் அஞ்சுகிறார்கள். பால் சுரக்க வைப்பதற்காக வேளாவேளைக்கு ஆக்சிடோசின் ஊசி போட்டு மாட்டை வதைக்கும் கெட்ட பழக்கமே இந்த அச்சத்துக்குக் காரணம். பால் சுரக்கச் செய்வதற்காக மாட்டின் உடல்நலம் கெடும்படி ஊசி போடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பருவ ஊசி அப்படிப்பட்டதன்று. ஒரு மருத்துவர் ஓரிரு முறை போட்டு நிறுத்திவிடும் சிகிச்சை இது. உடலில் இயல்பாகச் சுரக்கும் பொருள்களையோ அவற்றை ஒத்த பொருள்களையோ கொண்டது. இரண்டையும் ஒன்றாக எண்ணி நல்ல சிகிச்சையை ஒதுக்கிவிட வேண்டாம்.

பேராசையும் வேண்டாம். பருவ ஊசி பருவத்தைக் கொண்டுவரும். சினைக்கு உத்தரவாதம் கொடுக்காது. பத்துக் கிடேரியில் ஐந்தோ ஆறோ முதல் முறையில் நின்றாலே அது நல்ல பலன். கிடேரிக் கன்றுதான் வேண்டும் என்று பாலினம் பிரித்த உறைவிந்தைக் கேட்பவர்கள் இப்போது பெருகியுள்ளனர். அதில் 100-க்குச் சுமார் 90 கிடேரிக் கன்றாகவே பிறக்கும் என்பது மெய். ஆனால் அந்தக் குச்சியில் விந்தணுக்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. சினை பிடிப்பதும் சாதாரண விந்தைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆகவே எடை நிறைந்து, நல்ல உடல்நிலையில், தெளிவாகப் பருவம் காட்டும் கிடேரிக்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

கிடேரியின் தீனிக்கு நாளைக்கு 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கவனிக்காமல் விட்ட ஒவ்வொரு பருவமும் 21 நாட்கள், அதாவது 1,680 ரூபாய். 18 மாதத்தில் சினையாக வேண்டிய கிடேரி 28 மாதத்தில் சினையானால், பத்து மாதத் தீனி 24,000 ரூபாய் வருமானமின்றிப் போகிறது. அந்தப் பத்து மாதப் பாலும் போகிறது. இந்த இழப்பு ஒரே நாளில் கையை விட்டுப் போவதில்லை. நாளுக்கு எண்பது ரூபாயாகக் கரைவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. கடைசியில் தரகர் சொல்லும் விலைக்குத் தலையாட்டும்போதுதான் தெரிகிறது.

இதில் அரசுக்கும் பங்குண்டு. ஊர்களில் நடத்தப்படும் கால்நடை மருத்துவ முகாம்கள், வந்த மாடுகளுக்கு மருந்து கொடுத்து அனுப்புவதோடு நின்றுவிடக் கூடாது. கிடேரிகளை அளந்து எடை குறித்து, தயாரானவற்றைத் தனியே பதிவு செய்து, பரிசோதனை நாள், ஊசி நாள், சினை ஊசி நாள், சினைப் பரிசோதனை நாள் ஆகிய நான்கையும் ஒரே அட்டையில் எழுதி உழவர் கையில் கொடுக்க வேண்டும். ஊசி போட்ட நாளில் ஒரு துறையாளரும் பருவம் வந்த நாளில் யாருமில்லாமலும் இருந்தால், மருந்து எவ்வளவு உயர்ந்ததாயினும் பலன் இல்லை.

உழவர்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. கோவில்பதாகையிலும் அதையொத்த ஊர்களிலும் ஒரு தெருவில் கிடேரி வைத்திருப்பவர்கள் ஒரு மாலை கூடிப் பேசினால் போதும். நாடா ஒன்று வாங்கி எல்லாக் கிடேரிகளையும் அளந்து, எடை வந்தவை எவை, வராதவை எவை என்று இரண்டாகப் பிரிக்கலாம். எடை வராதவற்றுக்குத் தீனியைக் கூட்டலாம். எடை வந்தவற்றை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் ஒரே நாளில் காட்டி, சினை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மருத்துவரோடு கலந்து நாள் குறிக்கலாம். மலடு என்ற தீர்ப்பைத் தரகரிடமிருந்து பெறாமல் மருத்துவரிடமிருந்து பெறுவதே கிடேரிக்கும் நல்லது, அதை வளர்த்த குடும்பத்துக்கும் நல்லது.